ஆச்சியின் சீப்பும் ஐந்நூறு ரூபாய் நோட்டும்!

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் போய் முடியும். வாசலில் பெல் அடித்துவிட்டு, உள்ளே இருப்பவர் நடந்து வந்து கதவைத் திறப்பதற்குள் முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் குடித்திருக்கிறேன்!

போன முறை ஊருக்குப் போனபோது அந்த வீட்டு ஆச்சியைப் பார்க்கப் போனேன். கூடவே எங்கள் தெரு 'கோம்பர்' அண்ணன். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடைக்காரர் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை. மதுரைப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் கோம்பர் செக்‌ஷனில் ஃபிட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டயரானவர்.

வளவு முற்றத்தில் ஆச்சி பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பேத்தி ஊரைக் கூட்டினாள்.

"அப்பத்தா... வலிக்குது!"

"வலிக்காம எப்படிடி சிக்கு வரும்? மேல இருந்து இழுத்தா வலிக்கத்தான் செய்யும். நுனியில இருந்து எடுத்துட்டு வாரேன், சும்மா இரு."

பெரிய பல் சீப்பு ஒரு முறை. அப்புறம் சின்னப் பல் சீப்பு. கடைசியில் பேன் சீப்பு. நீளமுடி வழுவழுவென்று விழுந்தது. அறுந்ததும் உதிர்ந்ததும் சீப்போடு தங்கிவிட்டது. அதை ஆச்சி தூக்கிப் போடவில்லை. விரலில் சுற்றிச் சுவர் மாடத்தில் செருகி வைத்தார்.

அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார். "இதுக்குத்தான் தம்பி எங்க மில்லுல லட்சக்கணக்குல கொடுத்து மெஷின் வாங்குனாங்க!"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் மூன்று டீ தீர்வதற்குள் அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. அவசரமாக ஆபீஸுக்குக் கிளம்புகிறவர்கள், போட்டிருக்கிற பனியனின் லேபிளை மட்டும் ஒரு தரம் பார்த்துக் கொள்ளுங்கள். 'கோம்டு காட்டன்' என்று இருந்தால், இது உங்கள் பனியனின் ஜாதகம்.

நம்மூர் ஆடு குழம்புக்கு!

சீப்பு போட்டு வாரும் கலை முதலில் வந்தது பஞ்சுக்கு அல்ல, ஆட்டு ரோமத்துக்கு. ஆனால் அந்த விஷயத்தில் செட்டிநாட்டு ஆடுகளிடம் நாம் எதையும் எதிர்பார்க்க முடியாது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மேயும் 'ராமநாதபுரம் வெள்ளை' ஆட்டின் உடம்பில் இருப்பது முடிதான், கம்பளி ரோமம் கிடையாது. அது நேராகக் குழம்புக்குப் போகிற ஜாதி. இங்கே அடிக்கிற வெயிலுக்கு அதன்மேல் கம்பளியும் போட்டிருந்தால் பாவம், குழம்பாவதற்கு அடுப்பே தேவைப்பட்டிருக்காது!

தமிழ்நாட்டில் நல்ல மெல்லிய ரோமம் பார்க்கவேண்டுமென்றால் கொடைக்கானல் மலை ஏறி மன்னவனூருக்குப் போகவேண்டும். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965-லிருந்து அங்கே இருக்கிறது. 'பாரத் மெரினோ' ஆடுகள் அங்கே குளிருக்கு இதமாகக் கோட்டு போட்டுக்கொண்டு திரிகின்றன.

ரோமத்தை வெட்டினால் நீளமும் குட்டையும் கலந்துதான் வரும். அப்படியே நூற்றால் சொரசொரவென்று கம்பளிப் போர்வைக்கு ஆகும். நீள ரோமத்தை மட்டும் சீவிப் பிரித்து, ஒரே திசையில் படுக்கவைத்து நூற்றால் வழுவழுப்பான 'வொர்ஸ்டெட்' நூல். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாரே கோட்டு, அந்தத் துணி. இங்கிலாந்தில் வொர்ஸ்டெட் என்கிற கிராமத்தின் பெயர்தான் அது.

பாதிரியார் போட்ட குண்டு

பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை இந்தச் சீவுகிற வேலை கையால்தான். இரண்டு கைகளிலும் கனமான இரும்புச் சீப்புகள். நடுவில் கரியடுப்பு. சீப்பைச் சூடு பண்ணி, ரோமத்தில் எண்ணெய் தடவி, நாள் முழுக்க இழுக்கவேண்டும். கரிப்புகை அடைத்த சின்ன அறைகளில் இதைச் செய்தவர்கள் நெஞ்சு காய்ந்து போனார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. 'நாங்கள் சீவாமல் ஒரு நூலும் ஓடாது!'

அந்தக் கர்வத்தில் குண்டு போட்டவர் ஒரு பாதிரியார். எட்மண்ட் கார்ட்ரைட். 1785-ல் விசைத்தறிக்குப் பேட்டன்ட் வாங்கிய அதே மனிதர், அடுத்த சில வருஷங்களில் ரோமம் சீவும் மெஷினையும் செய்து காட்டினார். தொழிலாளிகள் பதறிப்போனார்கள். 1794-ல் 'இந்த மெஷினைத் தடை செய்யுங்கள்' என்று பார்லிமென்ட்டுக்கு மனு மேல் மனு. தடை வரவில்லை.

அதற்காகப் பாதிரியார் கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கடனாளிதான் ஆனார். 1809-ல் பார்லிமென்ட்டே மனம் இரங்கி 10,000 பவுன் கொடுத்தது.

உண்மையைச் சொன்னால் அந்த முதல் மெஷின் ஒரு அரைகுறை. நயமான ரோமத்தைக் கொடுத்தால் கடித்துத் துப்பியது. அதனால் கைத்தொழிலாளிகள் இன்னும் ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்தார்கள். 1825-ல் பிராட்ஃபோர்டு நகரத்தில் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 23 வாரம்! கடைசியில் தோற்றார்கள். 'இனி இவர்களை நம்பிப் பிழைக்கக்கூடாது' என்று முதலாளிகள் மெஷின் பக்கம் இன்னும் மும்முரமாகத் திரும்பினார்கள்.

மகள்கள் தலைவாரியபோது...

இப்போது கதை பிரான்ஸுக்குப் போகிறது. அல்சேஸ் பகுதியில் மியூலூஸ் என்ற ஊர். ஜோசுவே ஹைல்மன் என்பவர் பஞ்சைச் சீவ ஒரு மெஷின் செய்யப் பல வருஷம் போராடினார். கையில் இருந்த பணமெல்லாம் கரைந்தது. பஞ்சு இழை ரோமத்தைவிட ரொம்பக் குட்டை. நீளமே ஓர் அங்குலம், ஒண்ணேகால் அங்குலம் என்றால், அதில் எதைப் பிடிப்பது, எதை வாருவது?

ஒரு நாள் இரவு கணப்பு ஓரம் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தாராம். எதிரே மகள்கள் தலைவாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் கூந்தலை இறுகப் பிடித்து, மறு கையால் சீப்பை இழுத்தார்கள். நீளமுடி நின்றது, குட்டைமுடி சீப்போடு போனது. 'ஆஹா!' இப்படி ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ, ஆனால் அவர் செய்த மெஷினைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. பிடிக்க ஒரு கை, வார ஒரு சீப்பு, இழுத்து எடுக்க இன்னொரு கை!

1845-ல் பேட்டன்ட். 1848-ல் ஆள் காலி. அவர் சாகும்வரை பெரிதாகக் காசு பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கூத்து. பிராட்ஃபோர்டில் சாமுவேல் லிஸ்டர் என்று ஒரு மில் முதலாளி. 'என் பேட்டன்ட்டை மீறிவிட்டார்' என்று ஹைல்மன் தரப்பு போட்ட கேஸில் தோற்றார். தோற்ற கையோடு என்ன செய்தார் தெரியுமா? ரோமத்துக்கான அந்த உரிமையையே 30,000 பவுன் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டார்! வக்கீல் பீஸ் கொடுத்து மாளாதவர்கள் யோசிக்கவேண்டிய வழி.

1853-ல் நோபிள் என்பவரின் வட்டச் சீப்பு மெஷின் வேறு வந்தது. அதன்பின் பிராட்ஃபோர்டின் கரியடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்பாவிடம் சீப்பு பிடிக்கக் கற்றுக்கொண்ட மகன்களுக்கு அந்தச் சீப்பால் சோறு போட முடியவில்லை.

ஆச்சிக்கு எட்டுக் கை

அந்த ஹைல்மன் தத்துவம்தான் இன்றைக்கும் பஞ்சு மில்களில் ஓடுகிறது. கோம்பர் அண்ணன் டீ கிளாஸ், பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பி விளக்கினார்.

"முதல்ல பஞ்சை மெத்தை மாதிரி சுருட்டி மெஷின் மேல வைப்போம். அதுக்குப் பேரு லேப். மெஷின் வாய் திறந்து கொஞ்சம் பஞ்சைக் கவ்வும், அதான் நிப்பர். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற நுனியை, கீழ சுத்துற வட்டச் சீப்பு வாரிட்டுப் போகும். குட்டை இழை, தூசி, முடிச்செல்லாம் அதோட போயிரும். அப்புறம் முன்னாடி இருக்கிற ரோலர் நுனியைப் பிடிச்சு இழுக்கும். இழுக்கறப்ப மேல இருந்து இன்னொரு சீப்பு இறங்கி வால் பக்கத்தையும் வாரிவிடும். அவ்வளவுதான், ஒரு 'நிப்' முடிஞ்சது."

"இழுத்த பஞ்சு தனித்தனிக் குஞ்சமாத்தானே அண்ணே இருக்கும்?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம்! ரோலர் கொஞ்சம் பின்னால சுத்தி, பழைய குஞ்சத்தோட வாலை வெளிய நீட்டும். புதுக் குஞ்சத்தோட தலையை அதுமேல வச்சு முன்னால இழுக்கும். நம்ம வீட்டு நாட்டு ஓடு பார்த்திருக்கியா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குமே, அதே மாதிரி."

ஒரு மெஷினில் இப்படி எட்டுத் தலைகள். பழைய காலத்தில் நிமிஷத்துக்கு நூறு நிப் ஓடினாலே பெரிய விஷயம். இன்றைய மெஷின்கள் ஐந்நூறைத் தாண்டுகின்றன. கணக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 500 என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு தலை மட்டும் 2,40,000 தடவை கவ்வி, வாரி, இழுத்து, ஒட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இரும்பு வாய் முன்னால் போய், நின்று, பின்னால் வரவேண்டும். வேகம் கூடக் கூட மெஷின் உதறும். அதனால்தான் கனமான இரும்புப் பாகங்கள் போய் இலேசான அலாய் பாகங்கள் வந்தன.

ஆச்சி சொன்ன 'நுனியில இருந்து எடு' விஷயமும் மில்லில் உண்டு! கார்டிங் மெஷினிலிருந்து வரும் பஞ்சில் பாதிக்கு மேற்பட்ட இழைகள் வால் பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். ஒவ்வொரு மெஷினைத் தாண்டும்போதும் பஞ்சு தலைகீழாகத் திரும்பும். கொக்கி முன்பக்கமாக வந்தால்தான் கோம்பர் சீப்பு அதை நிமிர்த்தும். அதனால் கார்டிங்குக்கும் கோம்பருக்கும் நடுவில் எத்தனை மெஷின் வைத்தாலும் இரட்டைப்படையில்தான் வைப்பார்கள். பொதுவாக இரண்டு. ஒற்றைப்படை ஆனால் கொக்கியோடு நல்ல இழையும் வேஸ்ட்டில் போய்விடும். ராகுகாலம், எமகண்டம் மாதிரி இது மில் சாஸ்திரம்!

ஒரு சதவீதத்தின் விலை

கோம்பரில் எவ்வளவு கழிவு போகும்? நூலின் தரத்தைப் பொறுத்து நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை சர்வசாதாரணம். காசு கொடுத்து வாங்கிய பஞ்சில் இவ்வளவைக் கழித்தால்தான் நயம் நூல். கார்டட் பனியனைவிடக் கோம்டு பனியன் விலை ஏன் கூடுதல் என்பது இப்போது புரிகிறதா? தோய்க்கத் தோய்க்க மேலே குட்டிக் குட்டி உருண்டையாகத் திரளுவதும் அதில் குறைவு.

இதில் இன்ஜினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது ஒரே விஷயத்துக்கு. குட்டை இழை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. நீள இழை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. வாய்க்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் கழிவு ஏறும். குறைத்தால் இறங்கும், ஆனால் நூலில் குட்டை இழை தங்கும். தினம் பத்து டன் பஞ்சு ஓட்டும் மில்லில் ஒரு சதவீதம் நல்ல பஞ்சு வீணானால் 100 கிலோ. ஒரு நாளைக்கு!

இந்த நயம் நூல் விவகாரத்தில் நம்ம சீமைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டுக் குடும்பங்களில் சிலர், முப்பதுகளில் பணத்தை மில்களில் போட்டார்கள். சிவகங்கைச் சீமையில் பிறந்த கருமுத்து தியாகராசச் செட்டியார் 1936-ல் தொடங்கிய தியாகராஜர் மில், இன்றைக்கும் கப்பலூரில் இருக்கிறது. கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1937-ல் கொச்சிச் சீமையில் திருச்சூர் பக்கம் கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் ஆரம்பித்தார். அந்த இடம் இன்றும் அழகப்பா நகர்தான்.

மெஷின் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1962-ல் கோயம்புத்தூரில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆரம்பித்து, சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு சேர்ந்து நூற்பு மெஷின்கள் செய்தது. இன்றைக்கு நம்மூர்க் கோம்பரே உலகச் சந்தையில் போட்டி போடுகிறது. 1974-ல் கோவை விஞ்ஞானிகள் 'சுவின்' என்ற மிக நீள இழைப் பருத்தியையும் தந்தார்கள். சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற அப்பா அம்மா ரகங்களின் பெயரைப் பாதிப் பாதி வெட்டி ஒட்டிய பெயர். அந்த மாதிரிப் பஞ்சைச் சீவி 120 கவுண்ட் நூலாக்கினால், ஒரு பவுண்டு நூலின் நீளம் 92 கிலோமீட்டர். ஒரு முனையைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டு நடந்தால் மதுரையில் போய் நிற்கலாம். கையில் அரைக்கிலோகூட இருக்காது!

ஊசி மாற்றிய கை

"உங்க வேலை என்னண்ணே அதுல?" என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள்.

"அந்தக் காலத்துல வட்டச் சீப்புன்னா ஊசி தம்பி. பதினேழு வரிசை. முதல் வரிசை தடி ஊசி. போகப் போக மெலிசு. கடைசியில ஒரு அங்குலத்துக்குள்ள எண்பது, தொண்ணூறு ஊசி நிக்கும். அதுல ஒண்ணு வளைஞ்சாலும் நூல்ல தெரியும். லென்ஸை மாட்டிக்கிட்டு, வளைஞ்ச ஊசியப் புடுங்கிட்டுப் புதுசை வச்சு ஈயத்துல பத்தவைக்கணும். எங்க மில்லுல அது தெரிஞ்சவன் ரெண்டே பேரு. நான் ஒருத்தன். ஷிப்ட் மாஸ்டரே என்னை 'வாங்க'ன்னுதான் கூப்புடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ரம்பப்பல் சீப்பு வந்துச்சு. ஊசியே கிடையாது. வளையாது, உடையாது. தேய்ஞ்சா கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்க வேண்டியதுதான். ஒரு திங்கக்கிழமை காலையில என் லென்ஸுக்கு வேலை இல்லாமப் போச்சு."

அவர் கூடவே ஊசி மாற்றிய இன்னொருவர் கோபித்துக்கொண்டு கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அண்ணனுக்கும் போகத்தான் தோன்றியிருக்கிறது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். போக முடியவில்லை.

"மூணு மாசம் யார்கிட்டயும் பேசல. என்னை விடச் சின்னப் பசங்க புது மெஷின் செட்டிங் கத்துக்கிட்டு நின்னாங்க. அவங்ககிட்டப் போயி 'தம்பி, எனக்கும் சொல்லிக்குடு'ன்னு கேக்கறதுக்கு நாக்கு வரல. கடைசியில கேட்டேன். ஊசி வச்ச கைக்குக் கேஜ் வைக்கிறது பெரிய வித்தையில்ல. ஒரே வருஷத்துல அந்தப் பசங்க என்கிட்ட சந்தேகம் கேட்டாங்க. நல்ல இழை வேஸ்ட்டுல போகுதான்னு கையில எடுத்துப் பார்த்தே சொல்லிருவேன்ல!"

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. நாலு பேர் இரண்டு நாள் போட்ட ஸ்டேட்மென்ட்டை இன்று கம்ப்யூட்டர் காபி ஆறுவதற்குள் போட்டுவிடுகிறது. பக்கத்து ஸீட் பையனிடம் 'இது எப்படிப்பா?' என்று கேட்க எனக்கும் நாக்கு வரத்தான் மாட்டேன் என்கிறது. கரியடுப்புக்கு முன்னால் சீப்போடு உட்கார்ந்திருந்த அந்த பிராட்ஃபோர்டுக்காரர் ஏதோ இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆசாமி என்று நினைத்திருந்தேன். நம் ஸீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

கழிவு எங்கே போகிறது?

கிளம்பும்போது கேட்டேன். "அந்தப் பதினஞ்சு சதவீதம் வேஸ்ட்டை என்னண்ணே பண்ணுவாங்க? எரிச்சிருவாங்களா?"

அண்ணன் சிரித்தார். "சட்டைப் பையில என்ன வச்சிருக்க? எடு."

ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அன்று காலைதான் ஏ.டி.எம்.மில் எடுத்தது.

"இதான்!"

நம்ம ரூபாய் நோட்டு மரக்கூழ்க் காகிதம் அல்ல, பருத்தி. கரன்சி காகிதத்துக்கு முக்கியமான மூலப்பொருளே மில்களிலிருந்து வரும் கோம்பர் கழிவுப் பஞ்சு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதாபுரத்தில், பழைய பெயர் ஹோஷங்காபாத், 1968-லிருந்து ஓடும் அரசாங்கக் கரன்சிக் காகித ஆலை இதைத்தான் டெண்டர் போட்டு வாங்குகிறது. 'சட்டைக்கு லாயக்கில்லை' என்று சீப்பு தள்ளிவிட்ட குட்டை இழை, அந்தச் சட்டைப் பைக்குள்ளேயே கெத்தாக வந்து உட்கார்ந்துகொள்கிறது! மீதிக் கழிவு ஆஸ்பத்திரிப் பஞ்சாகவும், தடித்த நூலாகவும் போகிறது.

மறுநாள் ஆச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பேத்திக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டாகிவிட்டது. மாடத்தில் செருகிய முடிச்சுருள் அப்படியே இருந்தது.

"இதை எதுக்கு ஆச்சி சேத்து வைக்கிறீங்க?"

"அந்தக் காலத்துல சவுரி கட்டக் குடுப்போம் அப்பு. பாத்திரக்காரன் வந்தா இதுக்கு ஒரு டம்ளராவது தருவான். இப்ப யாரு வர்றா? பழக்க தோஷம், தூரப் போட மனசு வரல" என்றார்.

பஸ் ஏறியதும் அந்த நோட்டைக் கண்டக்டரிடம் நீட்டினேன். "சில்லறை இல்லையா சார்?" என்று எரிந்து விழுந்தார்.

'இது சாதாரண நோட்டு இல்லை சார், கோம்பர் வேஸ்ட்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கூட்டமான பஸ். அடக்கிக்கொண்டேன்!